படகம்மா இருந்த கட்டை

மசுயோவின் முகத்தில் புருவம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. முளைக்கும், நிமிர்வதற்குள் பொசுங்கிப்போகும். தலைமுடியைத் துண்டுக்குள் சுருட்டி இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் நெருப்புப் பக்கம் போவாள். அப்படியும் நெற்றியோரத்தில் எப்போதும் கொஞ்சம் தீய்ந்த வாடை இருந்துகொண்டே இருக்கும். துறைமுகத்துக் கடைக்குள் அவள் நுழைந்ததும் மீன் அறுக்கும் பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வதுபோல் பாவனை செய்வார்கள்.

"யாருடி அது, சூரை மீனக் கருக விட்டது?"

"கருக்கினாத்தாண்டி சூரைக்கு ருசி. உங்கள மாதிரி பச்சையாவே நாறச் சொல்றீங்களா?" என்பாள் மசுயோ. சிரிப்பு அடங்க நேரமாகும். வாய்க்கு வாய் பதில் வைத்திருப்பவள் என்று அந்தத் தீவில் அவளுக்குப் பேர். அந்த வாய் மூடவேண்டிய இடத்தில் திறந்ததும், திறக்கவேண்டிய இடத்தில் மூடியதும்தான் இந்தக் கதை.

செட்டோ கடலில், பாலம் போட்டுக் கரையோடு சேர்த்துவிட்ட தீவு அது. அங்கே வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பு. தேவதாருப் பலகையை நெருப்பில் கருக்கி அடித்தால் உப்புக்காற்று அண்டாது, செல் அரிக்காது, சீக்கிரத்தில் தீப்பிடிக்கவும் பிடிக்காது. ஒருமுறை எரிந்த மரத்துக்கு அப்புறம் பயமில்லை என்று ஊரில் விளையாட்டாகச் சொல்வார்கள். பள்ளி முடித்த கையோடு மசுயோ பலகை கருக்கும் ஆலையில் சேர்ந்தாள். மூன்று பலகையை முக்கோணமாகச் சேர்த்துக் கட்டி நிமிர்த்தி, அடியில் செய்தித்தாளைக் கொளுத்திச் செருகினால், புகைபோக்கிக்குள் ஏறுவதுபோல் தீ உறுமிக்கொண்டு மேலே போகும். பார்த்துக்கொண்டே நின்று, சரியான நேரத்தில் கட்டைப் பிரித்துத் தண்ணீரைக் கொட்டவேண்டும். முந்தினால் கரி பிடிக்காது, பிந்தினால் பலகையே மிஞ்சாது. அவள் மூக்கைச் சிந்தினால் கறுப்பாக வரும். கல்யாணம் ஆகி, ஒரு மகன் பிறந்து, புருஷன் ஃபுக்குவோக்காவில் வேறொருத்தியோடு குடித்தனம் போட்டு, மகன் நகோயாவில் வேலைக்குப் போய்ப் புத்தாண்டுக்கு மட்டும் போன் செய்கிறவனாக ஆனது எல்லாமே அந்தக் கறுப்புச் சளிக்காலத்தில்தான் நடந்தது. பிறகு ஆலையை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். மசுயோ மாறவில்லை.

கைவிட்ட சிப்பிக் கொட்டகை ஒன்றை வாடகைக்குப் பிடித்து, எரிவாயுச் சுடர்க்குழாய் இரண்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தனியாகத் தொழில் தொடங்கினாள். பழைய வீட்டு மரச்சாமான்களை மறுபடி பார்க்கும்படி ஆக்கித் தருவது. கதவுமேல் வைக்கும் செதுக்குப் பலகை, மூடிப்போன மதுக்கடையின் பெயர்ப்பலகை, மழைக்கதவு, அலமாரி முகப்பு என்று எது வந்தாலும், முதலில் பழைய சாயத்தைச் சுரண்டுவாள். கழுவி நிழலில் காயவைப்பாள். மேற்பரப்பு முதலைத்தோல்போல் வெடிக்கும்வரை சுடுவாள், தண்ணீர் அடிப்பாள், கம்பித் தூரிகையால் ரேகையோடு ரேகையாகத் தேய்ப்பாள். மெத்தென்ற பாகமெல்லாம் கரியாக உதிர்ந்து, கெட்டியான வரிகள் மட்டும் எழுந்து நிற்கும். மேலே எண்ணெய் பூசினால், பூசணம் பிடித்துக் குப்பைக்குப் போகவிருந்த பலகை ஜமீன் வீட்டுச் சாமான்போல் மின்னும். வாங்குகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் பட்டணத்து ஆட்கள். புதுசைப் பழசாக்கித் தா, பழசை இன்னும் பழசாக்கித் தா என்பார்கள். பழசாக இருக்கவேண்டும், ஆனால் பழசின் நாற்றம் வரக்கூடாது. "உங்க மாமியாரக் கூட்டிட்டு வாங்க, அதையும் செஞ்சு தரேன்" என்று ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். நல்லவேளை, அவள் சிரித்துவிட்டாள்.

வீட்டுப் பூசை மாடத்தையும் கல்லறையில் நடும் பலகையையும் தொடமாட்டாள். படகு மரம் வாங்குவாள், ஆனால் ஒன்று கேட்டுத்தான் வாங்குவாள்: படகம்மாவை எடுத்தாச்சா?

மரப்படகு கட்டும்போது, தச்சர் குறுக்குக்கட்டையில் ஒரு சின்னக் குழி தோண்டி, காகிதப் பொம்மை ஜோடி, தாயக்கட்டை இரண்டு, செப்புக்காசு, படகுக்காரர் வீட்டுப் பெண்ணின் முடி கொஞ்சம் எல்லாம் வைத்துச் சதுர மூடியால் அடைத்துவிடுவார். அதற்கு ஃபுனதாமா என்று பெயர். மசுயோவும் ஊர்ப் பெண்களும் படகம்மா என்பார்கள். படகம்மா பெண். பொறாமைக்காரி. இன்னொரு பெண் தனியாகப் படகில் ஏறினால் அவளுக்குப் பிடிக்காது. அவள் இருக்கும் மூடியைப் பெண்கள் தொடக்கூடாது, திறந்து பார்க்கவே கூடாது. படகை உடைக்கும் முன்னால் தச்சரோ பூசாரியோ வந்து, உப்பும் சாக்கே மதுவும் வைத்துக் கும்பிட்டு, மூடியைத் திறந்து அவளை எடுத்துக் கடலில் விட்டுவிடவேண்டும். அதன் பிறகுதான் அது வெறும் மரம்.

ஷோஹெய் தன் படகை அறுத்துச் சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தபோது வசந்தக்காற்று அடங்கியிருந்தது. கடலடியில் பானைகளை இறக்கி ஆக்டோபஸ் பிடிக்கிற மனிதர். அந்தப் படகுதான் தீவில் கடைசியாகக் கட்டிய மரப்படகு. தச்சர் செத்த பிறகு எல்லோரும் பிளாஸ்டிக் படகுக்குப் போய்விட்டார்கள். லாரியில் பலகைகள் கோணல்மாணலாகக் கிடந்தன. சங்கிலி ரம்பத்தால் வெறி பிடித்தமாதிரி அறுத்திருந்தது பார்த்ததுமே தெரிந்தது.

அந்தப் படகு ஊருக்கே தெரிந்த படகு. இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு காலையில் ஷோஹெய்க்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "நான் போய்ப் பானைகளை எடுத்துட்டு வரேன்பா" என்று மகள் சினாட்சு தனியாகப் போனாள். மத்தியானம், ஜலசந்தி நடுவில் படகு எஞ்சின் ஓடியபடியே வட்டம் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்து இழுத்து வந்தார்கள். படகில் ஒரு கீறல் இல்லை. சினாட்சு இல்லை. முக்குளிப்பவர்கள் தேடினார்கள், கடலோரக் காவலர்கள் தேடினார்கள். அந்த நீரோட்டம் எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"ஷோஹெய் சான், தெருமிக்குத் தெரியுமா இது?" என்று கேட்டாள் மசுயோ. தெருமி ஷோஹெயின் மனைவி. மசுயோவோடு ஒரே வகுப்பில் படித்தவள்.

"அவ குரேயில தங்கச்சி வீட்டுல இருக்கா. கண் ஆபரேஷன்."

"நான் கேட்டது அதில்லையே."

"படகு என் பேர்ல இருக்கு. வேணுமா, வேணாமா? வேணாட்டிச் சொல்லு, கரையில போட்டுக் கொளுத்திட்டுப் போறேன்."

மசுயோ லாரிமேல் ஏறிப் பார்த்தாள். பலகைகள் சுமார்தான். குறுக்குக்கட்டைதான் கண்ணைப் பறித்தது. ஓர் ஆள் நீளம், நல்ல கனம், உள்ளே ரோஜா நிறமாகச் செறிந்த ரேகை. ஒசாகாவிலிருந்து வந்து தீவில் ஒரு பழைய வீட்டை விடுதியாக்கிக்கொண்டிருந்தவர், வாசலுக்கு மேலே வைக்க இப்படி ஒன்றைத்தான் மாதக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்தார். கட்டையின் நடுவில் சதுர மூடி தெரிந்தது. வருஷாவருஷம் பூசிய வெள்ளைச் சாயம் ஏடு ஏடாக அதன்மேல் ஏறியிருந்தது. மூடிக்கும் கட்டைக்கும் நடுவில் சாயம் விரிசல்கூட விட்டிருக்கவில்லை.

"படகம்மாவ எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"யாரு எடுத்தா? தச்சர்தான் போய்ச் சேர்ந்துட்டாரே."

"எடுத்தாச்சுன்னு சொல்றேன்ல!"

அவர் கத்தியதில் கொட்டகைக் கூரையிலிருந்த புறா பறந்துபோனது. மசுயோ வாயை மூடிக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவரிடம் இரண்டாம் தடவை எப்படிக் கேட்பது என்பது ஒரு காரணம். பெண் தொடக்கூடாத இடத்தை அவள் எப்படித் திறந்து பார்ப்பது என்பது இன்னொரு காரணம். இரண்டும் நல்ல காரணங்கள், யாரிடமும் சொல்லலாம். ஆனால் கோயில் பூசாரிக்கு ஒரு போன் போட்டிருந்தால் அரைமணியில் வந்திருப்பார். அவளுக்குக் கட்டை வேண்டியிருந்தது. வேறொன்றும் இல்லை.

பலகைகளை முதலில் முடித்தாள். உப்பு ஊறிய மரம் எரியும்போது சட்டியில் எள் பொரிவதுபோல் வெடிக்கும். செப்பாணி இருந்த இடத்தில் சுடர் பச்சையாக எழும். கட்டையைக் கடைசியாக வைத்துக்கொண்டாள். அவ்வளவு கனத்தைப் புகைபோக்கியாக நிறுத்த முடியாது, சுடர்க்குழாயால்தான் அங்குலம் அங்குலமாகப் போகவேண்டும். நல்ல வெயில், காற்றில்லை. பாதி தாண்டியதும் முடி பொசுங்கும் நாற்றம் வந்தது.

அவளுக்குப் பழகிய நாற்றம். அலட்டிக்கொள்ளாமல் குழாயை ஒதுக்கிப் பிடித்து, இடது கையால் தன் நெற்றியைத் தட்டிப் பார்த்தாள். துண்டு சரியாக இருந்தது. காதோரம் தட்டினாள். ஒன்றுமில்லை. மறுபடி சுடரை வைத்தாள். நாற்றம் இன்னும் கெட்டியாக வந்தது. அப்போதுதான் கட்டையின் நடுவைப் பார்த்தாள். மூடி சூட்டில் சுருங்கித் தெறித்திருந்தது. குழிக்குள்ளிருந்து மஞ்சளாக ஒரு புகை வந்துகொண்டிருந்தது.

அவள் கை செய்ததை அவள் யோசித்துச் செய்யவில்லை. முப்பது நாற்பது வருஷமாக நெருப்பு மிஞ்சும்போது அந்தக் கை எதைச் செய்ததோ அதைத்தான் செய்தது. ரப்பர்க் குழாயை எடுத்துக் குழிக்குள் தண்ணீரைப் பீய்ச்சியது. சீறல் அடங்கியதும், எப்போதும்போல் தண்ணீர் உள்ளே தேங்காமல் இருக்கக் கட்டையைக் கவிழ்த்தது. கறுப்புக் குழம்பு சிமெண்ட் தரையில் வழிந்தது. இரண்டு தாயக்கட்டைகளும் காசுகளும் டக்டக்கென்று விழுந்தன. குழம்பு சாய்வில் ஓடி, கொட்டகை ஓரத்துச் சாக்கடையில் இறங்கி, சிப்பி கழுவிய தண்ணீர் அந்தக் காலத்தில் போன வழியிலேயே கடலுக்குப் போனது.

மசுயோ தாயக்கட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். படகம்மா கோபிப்பாள் என்றுதான் முதலில் பயந்தாள். சினாட்சுவின் நினைவு கொஞ்சம் கழித்துத்தான் வந்தது. படகு இறங்கிய அன்று சினாட்சுவுக்கு மூன்று வயது. அதுவரை கத்திரியே படாத முடி. "படகம்மாவுக்குக் கொஞ்சமாத்தாண்டி வெட்டினேன், அதுக்கே ஊரக் கூட்டிட்டா" என்று அந்த வாரம் தெருமி கடையில் சொல்லிச் சிரித்தது காதில் கேட்டது. சாக்கடையோரம் போய் வாந்தி எடுக்கக்கூட மசுயோவுக்கு மனம் வரவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலத்துக்குள் ஷோஹெய் வீட்டுக்குப் போனாள். அவர் கூடத்தில் உட்கார்ந்து, பகலிலேயே ஷோச்சு குடித்துக்கொண்டிருந்தார். எதிரே தட்டில் காய்ந்த மீன், தொடாமல் கிடந்தது.

"நீங்க எடுக்கல, ஷோஹெய் சான்."

அவர் மறுக்கவில்லை. முன்னால் சாய்ந்தார். முகத்தில் ஓர் ஆவல் வந்தது.

"எரிஞ்சாளா?"

"யாரு?"

"அவதான். படகம்மா. முழுசா எரிஞ்சாளா? கத்தினாளா?"

ஷோஹெய் கோப்பையைத் தரையில் தட்டினார்.

"பொம்பளை தனியா ஏறினா அவளுக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பிட்டேன். எத்தனை வருஷம் அவளுக்குச் சாக்கே ஊத்தியிருப்பேன்? புத்தாண்டுக்கு மோச்சி படைக்காம நான் ஒரு வாய் தின்னிருக்கேனா? என் பொண்ணத் தள்ளிவிட்டுட்டுத் தான் மட்டும் பத்திரமா திரும்பி வந்தா பாரு, ஒரு கீறல் இல்லாம. அவளப் பூசாரி வந்து கும்பிட்டு, கடல்ல வழியனுப்பி வைக்கணுமா? எரியட்டும்னுதான் உங்கிட்ட கொண்டாந்தேன். நல்லா எரிப்பேன்னு."

"முடி நாறிச்சு" என்றாள் மசுயோ.

"நாறட்டும்."

"ஷோஹெய் சான். அது யாரோட முடி?"

அவர் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தார். கணக்குப் புரியாத பிள்ளை கரும்பலகையைப் பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு கோப்பையைக் கீழே வைத்தார். வைத்த இடம் தட்டின் விளிம்பு. சரிந்து கொட்டியது. துடைக்கவில்லை. இரண்டு வருஷமாகப் படகம்மாவை வைது வைது, அவள் மடியில் எது இருந்தது என்பதையே மறந்துபோயிருந்தார் அந்த மனிதர்.

"மிச்சம்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

கட்டையைக் கவிழ்த்ததைச் சொல்ல மசுயோவுக்கு வாய் வரவில்லை. எந்த வாய்? கடையில் நாலு பேரை மடக்குகிற அதே வாய்.

"தெருமிகிட்ட சொல்லிடாத" என்றார் அவள் எழுந்தபோது.

மறுநாள் மசுயோ புது மூடி ஒன்று சீவிக் குழியை அடைத்து, அதையும் சுட்டு, முழுக்கட்டையையும் தேய்த்து எண்ணெய் பூசினாள். ரேகை அலை அலையாக எழுந்து நின்றது. அவள் செய்ததிலேயே நல்ல வேலை அதுதான் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். விடுதிக்காரர் எடுத்துப்போக ஆள் அனுப்புவதாகச் சொன்னார். ஆள் வரும்முன் தெருமி வந்துவிட்டாள்.

ஒரு கண்ணில் ஆபரேஷன் மூடி, இன்னொன்று ஏற்கெனவே மங்கல். சாலையோரத்து வேலியைத் தடவிக்கொண்டே வந்தாள். நெஞ்சோடு அணைத்த துணிமூட்டை. பத்தடி பின்னால், கூப்பிடாத நாய்போல் ஷோஹெய்.

"மசுயோ, எங்கடி என் படகு?"

"உள்ள வா. உக்காரு முதல்ல."

"உக்கார வரல." மூட்டையை மேசையில் வைத்து அவிழ்த்தாள். வெள்ளைப் பீங்கான் அஸ்திக்குடம். "இதுல என்ன இருக்கு தெரியுமா? கல்லு. இந்த மனுஷன் கரையில பொறுக்கின கல்லு. உடம்பு கிடைக்கலேன்னா ஏதாவது வெக்கணுமாம், சடங்குக்கு. ரெண்டு வருஷமா இத அலமாரியில வெச்சிருக்கேன். ஒரு நாள் கைகூப்பினதில்ல. கல்லறையில வெக்கலாம்னு பிக்கு சொன்னார். கல்லப் புதைக்க நான் வரமாட்டேன்னுட்டேன். மூணாம் வருஷத் திவசத்துக்குப் பூசாரியக் கூப்பிட்டுப் படகம்மாவ இறக்கச் சொல்லி, அந்த முடிய வாங்கி இதுல போடணும்னு இருந்தேன். எம்பொண்ணு உடம்புலேர்ந்து இந்த உலகத்துல இருக்கிறது அது ஒண்ணுதான். அவருகிட்ட நான் சொன்னதில்ல. படகுப் பேச்செடுத்தாலே எழுந்து போயிடுவார். சொல்லியிருக்கணும். படகு எங்க போயிடப்போகுதுன்னு இருந்துட்டேன்."

ஷோஹெய் வாசலிலேயே நின்றார். உள்ளே வரவில்லை.

"முடியக் குடு, மசுயோ. மரத்த நீ வெச்சுக்க."

மசுயோவுக்கு இரண்டு வழி இருந்தது. ஷோஹெயைக் கைகாட்டலாம், இல்லை பழியைத் தானே ஏற்றுக்கொள்ளலாம். அவர் பொய் சொன்னது உண்மைதான். அவள் நம்பாமலே நம்பியதும் உண்மைதான். "எரிஞ்சுபோச்சு" என்றாள். "நான்தான் எரிச்சேன். பாக்காம எரிச்சுட்டேன். என்னை அடி, தெருமி."

தெருமி அடிக்கவில்லை. நாற்காலியைக் கையால் தேடி உட்கார்ந்தாள். பிறகு அவள் முகம் மாறியது. அந்த மாற்றத்தைத் தாங்குவதைவிட அடி வாங்கியிருக்கலாம்.

"எரிஞ்சா என்ன?" என்றாள் மெதுவாக. "எரிஞ்சதத்தானேடி எல்லாரும் குடத்துல போடுறோம்? எங்கப்பாவ, உங்கம்மாவ... எரிச்ச அப்புறந்தானே பொறுக்கினோம். சினாட்சுவுக்கு மட்டும் அது நடக்கல. யாரும் அவள எரிக்கல. இப்ப நீ எரிச்சிருக்க. தெரியாம எரிச்சாலும் எரிச்சதுதானே. நீ பொறுக்காம வெச்சிருப்பேல்ல? மூடிதானே வெச்சிருக்க?"

"மூடித்தான் வெச்சிருக்கேன்" என்றாள் மசுயோ. அதுவரை அவள் பொய் சொல்லவில்லை.

"குச்சி குடு. ஒண்ணு மூங்கில், ஒண்ணு மரம். ரெண்டு ஜோடி."

சுடுகாட்டில் எலும்பு பொறுக்கும்போது குச்சி ஒன்றுக்கொன்று ஜோடி சேராமல்தான் இருக்கவேண்டும். இரண்டு பேர் சேர்ந்து ஒரே எலும்பைப் பிடித்து எடுக்கவேண்டும். அதனால்தான் சாப்பாட்டில் இரண்டு பேர் குச்சி ஒரு துண்டைத் தொட்டால் பெரியவர்கள் பதறுவார்கள். மசுயோ மூங்கிலும் தேவதாருவும் சீவிக் கொடுத்தாள். கத்தி இரண்டு தடவை விரலில் பட்டது.

"உள்ள வாங்க" என்றாள் தெருமி, வாசல் பக்கம் திரும்பாமலே. "அப்பன் நீங்கதானே. பிடிங்க."

ஷோஹெய் வந்து மண்டியிட்டார். அவர் பிடித்த இரண்டு குச்சியும் ஒன்றோடொன்று தட்டிச் சத்தம் கேட்டது. மசுயோ உளியால் மூடியை நெம்பி எடுத்தாள். பெண் திறக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

குழிக்குள் கறுப்பு. நாலு சுவரும் கறுப்பு. தெருமி முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய், தெரியாமல், குச்சியால் தடவினாள். சுவரிலிருந்து ஏதோ செதில்போல் பெயர்ந்தது. "இந்தா, இந்தா" என்றாள். ஷோஹெயின் குச்சி வந்து மறுபக்கம் பிடித்தது. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதைத் தூக்கினார்கள். தெருமி ஒரு கையால் குடத்திலிருந்த கல்லை எடுத்துத் தரையில் வைத்துவிட்டுக் குடத்தை நீட்டினாள். செதில் உள்ளே விழுந்தது. சத்தமே இல்லை. இன்னொன்று. இன்னொன்று. பெயரவில்லை என்றான பிறகு தெருமி குச்சியைப் போட்டுவிட்டு விரலால் சுரண்டினாள். நகக்கண்ணெல்லாம் கறுப்பானது. அதையும் குடத்தின் விளிம்பில் வழித்தாள்.

மசுயோ பக்கத்தில் நின்று பார்த்தாள். ஒவ்வொரு செதிலிலும் வரி இருந்தது. நேர் நேராக, நெருக்கமாக, மரத்தின் வரி. முடி எரிந்தால் வரியாக எரியாது. அது உருகும், குமிழ் குமிழாகச் சுருண்டு கட்டியாகும். தன் நெற்றியில் தினம் தடவிப் பார்க்கிறவளுக்கு அது தெரியாதா? குடத்துக்குள் போனது அத்தனையும் தேவதாரு. முடியை அவளே தண்ணீர் விட்டு, கவிழ்த்து, வடித்துவிட்டாள்.

ஷோஹெய் கடைசிச் செதிலைப் பிடித்தபடி நிமிர்ந்து மசுயோவைப் பார்த்தார். வாழ்நாள் முழுக்கப் படகுமரத்தோடு கிடந்தவர். அவர் கண்ணில் கேள்வி இருந்தது. மசுயோ கண்ணை விலக்கிக்கொண்டாள். அவர் செதிலைக் குடத்தில் போட்டார்.

தெருமி குடத்தை உயர்த்தி ஆட்டிப் பார்த்தாள். உள்ளே சரசரவென்றது.

"மசுயோ, எனக்குக் கண்ணு சரியாத் தெரியல. உனக்குத்தான் நெருப்பு தெரியும். நீயே பாத்துச் சொல்லு. மரமும் கலந்திருக்கும், தெரியும். ஆனா இதுல அவ இருக்காள்ல?"

குடத்தை நீட்டினாள். மசுயோ வாங்கி, பார்த்தே ஆகவேண்டுமே என்று பார்த்தாள். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் தெருமி அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: அப்போ எங்கே?

"இருக்கா" என்றாள். "முடிதான் இது. நல்லாத் தெரியுது."

தெருமி குடத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அதன்மேல் குனிந்தாள். முதுகு குலுங்கியது. இரண்டு வருஷமாகக் கைகூப்பாதவள், அந்தச் சிப்பிக் கொட்டகையில், கரி படிந்த கையைக் கூப்பினாள். பிறகு எழுந்து மசுயோவுக்கு எதிரே நின்று, இடுப்பை நன்றாக வளைத்து வணங்கினாள். "தனியா இருந்து எம்பொண்ண எரிச்சிருக்க. ரொம்ப நன்றிடி" என்றாள். ஷோஹெயும் அவள் பக்கத்தில் நின்று வணங்கினார். நிமிர அவருக்கு நேரமாயிற்று.

கட்டை விடுதி வாசலுக்குப் போய்விட்டது. கொடுக்கமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பட்டணத்துப் பெண்கள் அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அஸ்திக்குடம் கல்லறைக்குள் போனது. ஊரே வந்தது, மசுயோவும் ஊதுவத்தி வைத்தாள். அதன் பிறகு அவள் படகு மரம் வாங்குவதில்லை. படகம்மா கனவில் வந்து மிரட்டிவிட்டாள் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். ஆமாம், மிரட்டினாள் என்று அவளும் சொல்லிவிடுகிறாள். அவள் வாயிலிருந்து முன்போல் சுடச்சுடப் பதில் வருவதில்லை என்பதை அவர்கள் கவனித்தார்களோ என்னவோ.

தெருமி இன்னும் வருகிறாள். செத்தவர்கள் வீடு வரும் ஓபோன் பண்டிகைக்கும் சமநாள் பூசைக்கும் சினாட்சுவுக்குப் படைத்த பயறுமாவு உருண்டையில் முதல் பங்கைப் பெட்டியில் வைத்து, இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிய, நடந்தே கொண்டுவருகிறாள். "எம்பொண்ணுக்கு நீதாண்டி கொள்ளி வெச்ச, நீ தின்னாத்தான் எனக்குத் திருப்தி" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொள்வாள். வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னால்கூட ஏன் என்று கேட்பாள். மசுயோ பெட்டியைத் திறந்து, ஓர் உருண்டையை எடுத்து வாயில் போட்டு, நன்றாக மென்று, அவள் பார்க்கப் பார்க்க விழுங்குகிறாள்.